அம்மாவின் கால்

சிக்னலில் ஒரு கார் அணைந்து நின்று, ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும் பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பும்போது, எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இறங்கிப் போய் நாலு கேள்வி கேட்கலாமா என்றிருக்கும். கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்போது நான் மைசூரில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்திருந்தது. பஸ் பிடித்துப் போய் வருவது பெரும்பாடு என்று டிரைவிங் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அப்பாவின் ஆபீஸ் நடக்கிற தூரம்தான். ஆயுத பூஜை முடியட்டும், அப்புறம் காரை நீயே எடுத்துக்கொண்டு போ என்று அப்பா பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தார்.

ஆயுத பூஜையன்று அப்பா காரைக் கழுவினார். கழுவியதோடு விட்டாரா? பானட்டைத் திறந்து, பழைய டூத் பிரஷ்ஷும் துணியுமாக இன்ஜினுக்குள் இறங்கினார். ஒயர்களின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்களைக்கூட ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து, திரும்பச் செருகினார். துணியை அலசிக் கொடுத்தது நான். பிறகு செவ்வந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று என்று கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மறுவாரம் அம்மா ஓட்ட ஆரம்பித்தாள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கார் இரண்டு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் இதே கதை. வண்டியில் ஏதோ கோளாறு, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா தானே எடுத்து ஓட்டிக் காட்டினார். அவருக்கு நிற்கிற வண்டியையும் உறும வைக்கிற பழக்கம். நியூட்ரலில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார். அவருக்கு எப்படி அணையும்?

“வண்டி நல்லாத்தான் இருக்கு. உன் கால்தான் சரியில்லை” என்றார்.

வீட்டில் இது ஒரு வசனமாகிவிட்டது. அத்தை வந்தால் அத்தை சொல்வாள். சித்தப்பா போனிலேயே சொல்வார். நான் மட்டும் என்ன? என்னைப் பள்ளியில் விடும் வழியில் எத்தனை தடவை அணைந்தது என்று எண்ணிவைத்து, சாயங்காலம் அப்பாவிடம் ஒப்பித்தேன். எல்லோரும் சிரிப்பார்கள் அல்லவா, எனக்கு அது வேண்டியிருந்தது. ஒருநாள் நஞ்சன்கூடு ரோட்டில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது அணைந்து, யார் யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டு, அம்மா ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கும் மெக்கானிக் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, நெரிசலில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வழியில்லாமல் அப்பா அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கும்போது கார் அணைந்தது. திரும்பத் திரும்ப அணைந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காலையிலேயே மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அம்மா சொல்லி மூன்று வாரம், அப்பாவுக்கு ஒரே ராத்திரி. என்ன நியாயம் இது?

மெக்கானிக் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குக் காற்றுப் போகிற பெரிய வழி மூடிக்கொள்ளும், அப்போது அது மூச்சுவிட இந்தச் சின்ன வால்வுதான் ஓரமாகக் கொஞ்சம் காற்றை உள்ளே விடும் என்றார். அந்த வால்வுக்கு வரும் கனெக்டர் சரியாக உட்காராமல் சும்மா தொற்றிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் எதையும் மிதிக்காமலே இன்ஜின் சீராக ஓடியது.

“மேடம்து ஏனூ தப்பில்ல சார். இதன்ன பிச்சித்து யாரு?” என்றார். மேடம் மேல் ஒரு தப்பும் இல்லையாம். இதைக் கழற்றியது யார் என்று கேட்கிறார்.

காபி டம்ளரோடு அம்மா வாசலில் நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இவதான் ஏதாவது கை வெச்சிருப்பா” என்றார்.

நானா! துணி அலசிக் கொடுத்ததற்கு இதுதான் கூலியா? கத்தி, அழுது, மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்று கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அம்மா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் தொடவே இல்லைம்மா.”

“தெரியும்.”

“தெரிஞ்சா அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

அம்மா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “எனக்காக யாரு சொன்னா?” என்றாள்.

நான் கேட்பது ஒன்று, இவள் சொல்வது ஒன்று என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை அப்பா சாவியை அம்மாவின் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவள் டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அந்தக் கார் எங்களிடம் இருந்த வரைக்கும் அப்புறம் அவள் அதை ஓட்டவில்லை. அன்று ஜன்னலில் நின்று பார்த்த நான், கார்தான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன பயம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.