லிடியா வாங்கிய பாதி

லிடியா வீட்டு வாசலில் தமுக்கு அடித்த அன்று, எதிரே என் டிபன் கடையில் தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் எவன் தமுக்கு அடிக்கிறான் என்று எட்டிப் பார்த்தால், கோர்ட் அமீனா. ஃபிரடியின் பாதி வீடு ஏலத்துக்கு வருகிறது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தார். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் எல்லாச் சேதியும் செல்போனில்தான் வருகிறது. மானத்தை வாங்குவதற்கு மட்டும் இன்னும் தமுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஃபிரடி, லிடியாவின் புருஷன். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேன் விட்டுக்கொண்டிருந்தான். கான்ட்ராக்ட் கைமாறியதும் வண்டிகளைக் கடன் கொடுத்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரெல்லாம் கை நீட்டினான். கடைசியில் கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, படப்பையில் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். என் பணமும் அதில் போனது. என் மகள் எவாஞ்சலினை நர்ஸிங் சேர்க்க இட்லி விற்றுச் சேர்த்த பணம். "அடுத்த மாசம் குடுத்துடறேன் செல்வக்கா" என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தான், படுபாவி.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது. மனை வாங்கியது லிடியாவின் பணம். அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது கையில் கொடுத்தனுப்பிய செட்டில்மென்ட். அவள் பெயரில் மட்டுமே எழுதியிருக்கலாம். "வூட்டுக்காரர் பேர் இல்லாம பத்திரமா? ஜனங்க இன்னா பேசும்?" என்று அவளேதான் அவன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள்.

வக்கீலிடம் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். "உங்க பாதியை யாரும் தொட முடியாதும்மா. அவர் பாதி, கோர்ட்டு வைக்கற ரிசீவர் கைக்குப் போயிடும். அதை ஏலத்துல விடுவாங்க" என்றார் அவர்.

"எந்தப் பாதி சார்? முன்பக்கமா, பின்பக்கமா?"

"அப்படிப் பிரிக்கலையேம்மா. எல்லா செங்கல்லுலயும் அவருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. வாங்கறவன் பாகம் பிரிக்கச் சொல்லி கேஸ் போடுவான். இத்தினி சின்ன வூட்டைப் பிரிக்க முடியாதுன்னா, மொத்தத்தையும் வித்துப் பணத்தைப் பங்கு போடச் சொல்லிடும் கோர்ட்டு."

வெளியே வந்ததும் லிடியா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு எவன் வாங்கினாலும் என்றைக்காவது அவளும் மகளும் தெருவுக்கு வந்தாக வேண்டும். தப்பிக்க ஒரே வழி, அந்தப் பாதியை அவளே ஏலத்தில் எடுப்பது. தாலிச் சங்கிலியை விற்று, தம்பி தருவதையும் சேர்த்தால்கூட விலை ஏறினால் அவளால் நிற்க முடியாது.

லிடியா அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. கோயிலில் வாசகம் படிக்க விட்டால் மைக்குக்கே காது கேட்காது. அப்படிப்பட்டவள் மாறினாள் பாருங்கள்!

புரோக்கர் ஐயனார் தாம்பரத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தான். பாதியை வாங்கி, கம்பெனிப் பையன்களுக்கு ரூம் விடலாம் என்று அந்த ஆளுக்கு எண்ணம். லிடியா கொண்டையை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க சார். பாதி வாங்க வந்தீங்களா? கக்கூஸ்ல எந்தப் பாதி ஒங்களுது? காலைல நான் உள்ள போய் தாப்பா போட்டா ஒரு மணி நேரம் ஆவும். ஒங்க பசங்க கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு வரிசைல நிக்கட்டும்."

"இன்னாம்மா, கொஞ்சம் மரியாதையா பேசு."

"என் வூட்ட வாங்க வந்துகினு மரியாதை வேற கேக்கறியா? வாங்கு. வாங்கித்தான் பாரேன். தெனம் ஒரு கம்ப்ளைன்ட் குடுப்பேன். டிபன், சாப்பாடு எல்லாம் ஒனக்கு போலீஸ் ஸ்டேஷன்லதான்!"

சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் கார் வரை ஓடினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சபாஷ்டி என் ராசாத்தி!" என்று நானே டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கி, குடிக்காமல் வாசற்படியில் வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே பூசைதான். அந்த வீட்டில் இருப்பது பொம்பளை இல்லை, பேய் என்று ஐயனாரே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பரப்பிவிட்டான். முதல் ஏலத்துக்கு ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. விலையைக் குறைத்து மறுபடி வைத்தார்கள். லிடியா ஒருத்திதான் கேட்டாள். அடிமாட்டு விலைக்கு ஃபிரடியின் பாதி அவளுக்கு வந்தது. ஸ்வீட் கொண்டுவந்து முதலில் என் வாயில்தான் ஊட்டினாள். நானும் கண் கலங்கி அவளைக் கட்டிக்கொண்டேன்.

கடன் கொடுத்தவர்களுக்கு ரிசீவர் பணம் பிரித்துக் கொடுப்பார் என்று சொல்லியிருந்தார்கள். எங்கிருந்து கொடுப்பார் என்று இந்த மரமண்டை யோசிக்கவே இல்லை. கவர்ன்மென்ட் எங்கேயாவது பிடித்துக் கொடுக்கும் என்று நினைத்தேன். கொடுத்தார்கள். எவாஞ்சலினுக்கு யூனிஃபார்ம் தைக்கக்கூட அது காணாது. என்ன சார் இது என்று கேட்டால், "அவருக்கு இருந்தது அந்தப் பாதி வீடு ஒண்ணுதாம்மா. அது வித்த காசைத்தான் எல்லாருக்கும் பிரிச்சிருக்கு" என்றார் ரிசீவர் ஆபீஸ் குமாஸ்தா.

அப்போதுதான் உறைத்தது. அவள் விரட்டியது தாம்பரத்து ஆளை இல்லை, என் பணத்தை. நான் பக்கத்தில் நின்று டீ கொடுத்திருக்கிறேன்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். "ஒனக்கு இது முன்னாடியே தெரியுமாடீ?"

"தெரியும்க்கா." குரல் பழையபடி இறங்கியிருந்தது. "வெல ஏறினா ஒங்களுக்கெல்லாம் கெடைக்கும், எறங்கினா எனக்கு வூடு தங்கும்னு வக்கீல் அப்புறமா போன்ல சொன்னாரு. நான் வூட்ட எடுத்துகினேன்."

"எம் பொண்ணு படிப்புடீ அது!"

"நானா ஒங்கிட்ட கை நீட்னேன்? நானும் ஒரு பொண்ண வெச்சுகினு கீறேன்க்கா. தெருவுல நிக்கச் சொல்றியா?"

உள்ளே டிவி சத்தம் குறைந்தது. ஃபிரடி திரும்பி வந்திருந்தான். எழுந்து வெளியே வரவில்லை. அவளைத் திட்ட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. திட்டாமலே கடைக்குத் திரும்பிவிட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதற்கு மேலும் செய்திருப்பேன். அது தெரிவதால்தான் வயிறு இன்னும் அதிகமாக எரிகிறது.

எவாஞ்சலின் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். போன ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் சாமியார். முன்வரிசையில் இருந்த லிடியா திரும்பி என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். நைட் ஷிப்ட் முடித்து நேராகக் கோயிலுக்கு வந்திருந்த என் மகள், பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் திரும்பி, முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குக் கும்பிடு போட்டேன்.