பச்சைச் சாடிக்குள் இருந்த ஊறுகாய்

அந்தப் பச்சைச் சாடிக்குள் கண்ணாடிப் போத்தல் முதலிலிருந்தே இருந்ததா, நான் கேட்ட பிறகுதான் வைக்கப்பட்டதா? நாலு வருடமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் மன்னாரைச் சேர்ந்த அன்ரி ஒருவர் இருந்தார். நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் நாட்களில் மூன்று வயது மகனை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவருடைய சமையலறைத் தட்டில் மூன்று குட்டிக் கால்களில் நின்றது அந்தச் சீனச் சாடி. பாசிப் பச்சை மினுக்கம், மலைபோல ஒரு மூடி, பக்கவாட்டில் ஒரு மிருக முகம், அதில் தொங்குவதுபோல ஒரு வளையம். வளையம் அசையாது, சாடியோடு சேர்த்தே செய்தது. மகன் தினமும் அதைத் தூக்கப் பார்ப்பான். பழம்பொருட் கடையில் வேலை செய்த தன் கணவருக்கு, அவர் உயிரோடு இருந்த காலத்தில், முதலாளி கொடுத்தது என்று அன்ரி சொல்லியிருந்தார்.

ஒருநாள் அவர் அதன் மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு, தேசிக்காய் ஊறுகாய் எடுத்து மகனின் தயிர்ச் சோற்றின் ஓரத்தில் வைத்தார். "சீனாக்காரன் எங்கட ஊறுகாய்க்கெண்டே செய்து விட்டிருக்கிறான், பாத்தியே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் கிழமை நூலகத்தில், சீனப் பழம்பாண்டங்கள் பற்றிய ஒரு புத்தகத்தில் அதே முகத்தையும் அதே வளையத்தையும் கண்டேன். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். வெண்கலம் வார்ப்பவர்களின் பாத்திரத்தைப் பார்த்துக் குயவர்கள் மண்ணில் செய்த வடிவம் அது. வெண்கலத்தில் அந்த வளையம் பிடித்துத் தூக்குவதற்கு. மண்ணில் வெறும் தோற்றத்துக்கு. இறந்தவர்களோடு புதைப்பதற்காகச் செய்தவை, சாப்பாடு வைக்க அல்ல. பச்சைப் பூச்சில் நஞ்சான ஈயம் கலந்திருக்கும். அன்ரியின் சாடி உண்மையிலேயே பழையதா, பழையதைப் பார்த்துச் செய்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புளிப்புப் பட்டால் ஈயம் கரையும் என்பது தெரியும். அதன்பிறகு மகன் சோறு வேண்டாமென்றாலும் ஈயம், கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும் ஈயம்.

"அன்ரி, அந்தச் சாடிக்குள்ள ஊறுகாய் போட்டுக் கனநாளோ?"

"ஏன் பிள்ளை, ருசி சரியில்லையோ?"

"இல்லை, சும்மாதான் கேட்டனான்."

அவர் சாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மகனின் வாயைத் துடைத்துவிட்டார்.

கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லி மகனை அன்ரியிடம் விடுவதை நிறுத்தினேன். என் வகுப்பும் அதோடு நின்றது. இரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். நிம்மதிக்குப் பதிலாக, அன்ரி ஊறுகாய் போட்டுச் சில நாள்தான் ஆகியிருக்குமோ, அதனால்தான் இரத்தத்தில் இன்னும் தெரியவில்லையோ என்று யோசித்தேன்.

சில மாதங்களில் அன்ரி ரொறன்ரோவுக்கு, மகளிடம் புறப்பட்டார். போகும் அன்று சாடியை அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். "இது பிள்ளைக்கு. இந்த வளையத்தை நம்பினவன் அவன் ஒருத்தன்தான். உள்ளுக்கு ஊறுகாயும் கிடக்கு. பயப்பிடாமல் சாப்பிடு, என்ன?"

அவர் போன பிறகு திறந்தேன். சாடிக்குள் அளவெடுத்ததுபோல ஒரு கண்ணாடிப் போத்தல். ஊறுகாய் அதற்குள்.

அந்த ஊறுகாயை நான் சாப்பிடவில்லை. சாடி இப்போது அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ஏழு வயது மகன் கதிரை வைத்து ஏறி, இன்றைக்கும் வளையத்தைத் தூக்கிப் பார்க்கிறான். அன்ரியின் தொலைபேசி எண் என்னிடம் உண்டு. போத்தலைப் பற்றிக் கேட்டால், அது இரண்டாவது முறை சந்தேகப்படுவதாகாதா? கேட்காமல் மன்னிப்பு மட்டும் கேட்டால், அவருக்குத் தெரியாமலே இருந்த ஒன்றை நானே சொல்லி நோகடிப்பேனா? என்னைப்போல் தங்கள் பிள்ளையை இன்னொருவர் கையில் விட்டுப் போனவர்கள் இதை வாசித்தால் சொல்லுங்கள்: நான் என்ன செய்ய?