ஓல்டேஜ் மனு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், தம்பி எங்களிடம் தள்ளிவிட்டது. சென்னையில் வேலை பார்க்கிறவன், புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டான். கரண்ட் போய் யுபிஎஸ் பேட்டரியும் தீரப்போகிற நேரத்தில், திரையில் இருப்பதையெல்லாம் உள்ளே பத்திரப்படுத்திவிட்டுத் தானே அணைந்துவிடும்படி அதைப் பழக்கியிருந்தான். அதற்குப் பெயர் ஹைபர்நேட். மறுபடி பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கும் என்றான். எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் அத்தனை வயல் மோட்டாரும் தானே ஓட ஆரம்பிக்கும். எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வோல்டேஜ் இறங்கி, வீட்டில் ஃபேன் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வயலில் தண்ணீர் ஒழுகும், மோட்டாரின் காயில் கம்பி மட்டும் குறைவில்லாமல் கருகும். இன்னொரு டிரான்ஸ்பார்மர் கேட்டு மனுக் கொடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. காலேஜில் பாடம் நடத்துகிறவள் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து தங்கள் மோட்டாரின் சர்வீஸ் நம்பரையும் காயில் கருகிய கதையையும் சொன்னார்கள்; நான் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தேன். எதிர்வீட்டுப் பெரியப்பா கடைசி. அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. கம்ப்யூட்டரும் சமர்த்தாகத் தூங்கிவிட்டது.

ராத்திரி முழுக்க வராத கரண்ட் காலையில் வந்ததும் பட்டனை அழுத்தினேன். பழையபடி தொடங்குகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதன் கீழே கோடு பாதி தூரம் நகர்ந்தது. டப்பென்று எல்லாம் கறுத்தது. மறுபடி அழுத்தினேன். அதே பாதி, அதே டப்.

அன்றைக்குத் தஞ்சாவூரில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். காலை பஸ்ஸை விட்டால் மனு அடுத்த மாதம்தான். அதற்குள் இன்னும் எத்தனை மோட்டார் கருகுமோ. பாபநாசத்தில் கம்ப்யூட்டர் கடை திறப்பதற்குள் அந்த பஸ் தஞ்சாவூரே போய்விடும்.

வெள்ளை வேட்டியோடு தயாராக நின்ற அப்பா, "கையால எழுதிடேம்மா," என்றார்.

"நம்பரெல்லாம் யாரு சொல்லுவா? கரண்ட் கார்டு வீட்டுல கிடக்குது, எல்லாரும் வயல்ல நிக்கிறாங்க."

தம்பிக்குப் போன் போட்டேன். "சேவ் பண்ணலையாக்கா?" என்றான். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பென்டிரைவைப் பிடுங்கச் சொன்னான், பிடுங்கினேன். பிளக்கை உருவிவிட்டுப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன். மறுபடி போட்டபோது திரை என்னிடமே யோசனை கேட்டது: சேமித்ததைத் திரும்ப எடுக்கட்டுமா, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

"அழிச்சிடுக்கா. எழுந்திரிச்சிடும்."

"மனு?"

"அது போயிடும்."

"நீ போனை வை."

"குழாய்ல காத்து நின்னா மோட்டாரும் இப்படித்தான், ஓடுற மாதிரி ஓடி நின்னுடும்," என்றார் அப்பா. உலகத்தில் ஓடாத எல்லாமே அவருக்கு மோட்டார்தான். நல்லவேளை, தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை.

கடவுளே என்று அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் இறக்கைகளை எண்ண முடிந்தது. அப்போதுதான் உறைத்தது. யுபிஎஸ் பேட்டரி நேற்றே காலி, சார்ஜ் ஏற வோல்டேஜ் இல்லை. கம்ப்யூட்டர் பாவம், எழுந்திருக்கத்தான் பார்க்கிறது. பாதியில் யுபிஎஸ் கையை விரித்துவிடுகிறது. வோல்டேஜ் இல்லை என்று எழுதிய மனு, வோல்டேஜ் இல்லாமல் உள்ளே கிடந்தது.

அப்பா போனை எடுத்தார். "மாப்ள, பத்து நிமிஷம் மோட்டார நிறுத்து. தண்ணி பாயுதுன்னு எனக்கும் தெரியும்யா. கம்ப்யூட்டரு எந்திரிக்கணும்." நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் இப்படிக் கேட்பது, சாப்பிடுகிறவன் இலையை இழுப்பது மாதிரி. இருந்தும் ஒவ்வொரு மோட்டாராக நின்றது. ஒவ்வொன்று நிற்கும்போதும் ஃபேன் கொஞ்சம் வேகமெடுத்தது. பெரியப்பா மட்டும் சேற்றுக் காலோடு நேரில் வந்து, கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓல்டேஜ் இல்லன்னு சொல்றதுக்கே ஓல்டேஜ் கேக்குதா இது?"

"ஆமாம் பெரியப்பா. நிறுத்திட்டு வாங்களேன்."

போய் நிறுத்திவிட்டு வந்தார். ஊரே சத்தமில்லாமல் இருந்தது. திரும்ப எடு என்பதையே அழுத்தினேன். கோடு பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. பெரியப்பாவின் சர்வீஸ் நம்பரும் அதன் பக்கத்தில் துடிக்கிற சின்னக் கோடும் அப்படியே வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் அப்பா பஸ்ஸுக்கு ஓடினார். பெரியப்பா அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேன் இவ்ளோ வேகமா சுத்துமா!" என்று அதற்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனு வேலை செய்தது. குறுவை நடவு முடிந்த சமயம், வோல்டேஜை அளந்து பார்க்கக் கரண்ட் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரியே வந்தார். அதுவும் காலையில், எல்லா மோட்டாரும் ஓடுகிற நேரத்தில். ஃபேன் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நன்றாக வேர்க்கட்டும் என்று எனக்குப் பரம சந்தோஷம். அப்பாவையும் பெரியப்பாவையும் அவரோடு உட்கார வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது மேஜை மேல் இருந்த பேப்பர் பறந்தது. அதிகாரி பிளக் பாயின்டில் செருகியிருந்த மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இருநூத்தி முப்பது காட்டுதேம்மா. டவுன்லகூட இவ்ளோ கிடையாது. இதுக்கா மனு?" குறித்துக்கொண்டார், காபியைக் குடித்தார், ஜீப்பில் ஏறினார். ஊர் சத்தமில்லாமல் இருப்பது என் காதில் ஏறியபோது ஜீப் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பெரியப்பா கையில் போனோடு கொல்லைப்பக்கமிருந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஊருக்கு வந்த மனுஷன், பாவம், வேர்த்து ஊத்துச்சு," என்றார். "அதான் எல்லாரையும் நிறுத்தச் சொன்னேன்."