வெள்ளிக்கிழமையில் வந்த கறுப்பு முட்டை

இன்று மதிய இடைவேளையில் என் தோழி லின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சீன முறையில் சாம்பல் பூசிப் பதப்படுத்திய கறுப்பு முட்டை.

"ஏஷ்!" என்று வகுப்பே மூக்கைப் பொத்தியது. லின் மூடியைத் தேடினாள்.

நான் எழுந்து, ருசி பார்க்காமல் எந்த உணவையும் பழிக்கக் கூடாது என்று உரையாற்றினேன். லின் மலர்ந்த முகத்துடன் ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள்.

அப்போதுதான் இன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. வெள்ளியில் நாங்கள் மரக்கறி மட்டும்தான். சொன்னேன். லின்கூட நம்பவில்லை.

நாளை சாப்பிடுவதாக வாக்களித்து, துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"இதென்னடி, பழுதாப்போன முட்டை?"

"ருசி பாக்காமல் சொல்லக் கூடாது, அம்மா."

"ஓம், நாளைக்கு நீ சாப்பிடு. நான் பாக்கிறன்."

நான் சாப்பிடும்போது எடுத்த படமும் வேண்டும் என்று லின் கேட்டிருக்கிறாள். இதைச் சாப்பிட்டவர்கள் யாராவது, காலைக்குள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.