வேரோடு வந்த தாழை

எங்கள் கரையில் போன வருஷம் பெண்களுக்கு ஒரு கூலி வேலை வந்தது. கடலுக்குள் புல் நடுகிற வேலை. கேட்டவுடன் நான் வாய்விட்டுச் சிரித்தேன். திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போது வயலில் நாற்று நடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் போய் யார் நடுவார்கள்? ஆனால் மூன்றாம் நாளே கோயிலுக்குப் பின்னால் போட்டிருந்த கொட்டகையில் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கை அவள் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

வேலை கஷ்டமில்லை. பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டம், அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு. வேரோடு எடுத்துவந்த புல்லை ஒவ்வொன்றாக அந்தக் கயிற்றில் சணல் இழையால் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு நசுங்கும், தளர்த்தினால் அலை உருவிக்கொண்டு போய்விடும். கட்டி முடித்த சட்டத்தைப் படகில் கொண்டுபோய், ஆள் முங்கி, கடல் தரையில் பதித்துவிட்டு வருவார்கள். சணல் மட்கிப் போவதற்குள் புல் வேர் பிடித்துவிட வேண்டும். என் தங்கைக்கு வலை முடிந்து பழகிய கை. அவள் போட்ட முடிச்சு தனியாகத் தெரியும். கடைசியில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுப்பாள். "இந்தா, தாலி கட்டியாச்சு. இனி எங்கன ஓடும்?" என்பாள். கொட்டகையே சிரிக்கும்.

நாங்கள் தாழை என்று சொல்கிற அந்தப் புல்லை, வேலை கொடுத்த மேடம் கடற்புல் என்றார். கடல் ஆராய்ச்சி படித்தவர், என்னைவிட வயது குறைவு, தூத்துக்குடியிலிருந்து தினமும் வேனில் வருவார். பாசி வேறு, புல் வேறு என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். பாசிக்கு வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொண்டு தண்ணீரிலிருந்தே சாரத்தை எடுத்துக்கொள்ளும். புல்லுக்கு வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடுகிற தண்டு உண்டு, தண்ணீருக்கு அடியிலேயே பூத்துக் காய்க்கவும் செய்யும். அந்தத் தண்டும் வேரும்தான் கடல் தரை மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் பெரிய மீன் கண்ணில் படாமல் வளர்வது அதற்குள்தான். ஓரா மீன் மேய்வதும் கடற்பசு மேய்வதும் அதைத்தான். இதில் பாதி எங்களுக்கு முன்பே தெரியும். அது பூக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அதைக் கையால் அள்ளியிருக்கிறேன், ஒரு பூவைக்கூடக் கவனித்ததில்லை.

"முன்னாடி இவ்வளவு இருந்த புல் ஏன் குறைஞ்சு போச்சு? உங்களுக்கு என்ன தோணுது?" என்று மேடம் எங்களைக் கேட்டார்.

ஒருத்தி வெயில் கூடிவிட்டது என்றாள். இன்னொருத்தி ஆற்றில் தண்ணீர் வராததுதான் காரணம் என்றாள். "பருவமே மாறிப் போச்சுல்லா மேடம்" என்றாள் மூன்றாமவள். எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அவர்கள் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் வேறு ஒரு பதில் தெரியும். என்னை வைத்துக்கொண்டு அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் வெயிலையும் ஆற்றையும் இழுத்தார்கள். அந்தக் கூச்சம் எனக்கு வசதியாக இருந்தது.

என் வீட்டுக்காரர் தல்லுமடி இழுக்கிறவர். இறாலுக்காக அடித்தரையை வழித்துக்கொண்டு போகிற வலைக்குத் தல்லுமடி என்று பெயர். வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பலகை இருக்கும். அது போகிற வழியில் எதுவும் மிஞ்சாது. கரையோரத்தில் அதை இழுக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. எங்கள் ஊர்க் கமிட்டியும் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் பகலில் இழுப்பதில்லை, அவ்வளவுதான் மரியாதை. விடியும்போது வந்து, வலையில் இருந்ததை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் கொட்டிவிட்டு அவர் தூங்கப் போவார். அந்தக் குவியலில் பாதிக்கு மேல் தாழைதான். அதற்குள் கையை விட்டு இறாலைப் பொறுக்குவது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வேலை. பொறுக்கி முடித்ததும் புல்லை வாரிக் கரையில் கொட்டுவேன். என் வீடும் என் மகனின் படிப்பும் அந்தக் குவியலிலிருந்து வந்தவை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில், என் தங்கை கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி வைத்தவர் அவர்தான்.

தங்கை வாழ்க்கைப்பட்டது இதே தெருவில், நண்டு வலைக்காரருக்கு. மாப்பிள்ளையிடம் ஒரு சின்ன ஃபைபர் படகு இருந்தது. சாயங்காலம் தாழை கிடக்கிற இடத்தில் வலையை விட்டுவிட்டு, காலையில் போய் எடுத்து வருவார். வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் தங்கை கழற்றுவாள். தாழை போகப் போக நண்டும் போய்விட்டது. வலையைக் கழுவி உலர்த்துவதுதான் மிச்சம் என்று ஆகிவிட்டது. மங்களூர் விசைப்படகுகளுக்கு ஏஜென்ட் ஒருவன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. அவர்களுக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள்.

"இந்தப் புல்லு பிடிச்சிட்டுன்னா நான் எங்கயும் போகல" என்று மாப்பிள்ளை என் தங்கையிடம் சொல்லியிருந்தார். சட்டங்களைக் கடலில் இறக்குகிற வேலையை மேடம் அவருக்குத்தான் கொடுத்திருந்தார். தான் வலை விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் காட்டி, தன் கையாலேயே பதித்து, அடையாளத்துக்கு மேலே மிதப்பும் கட்டிவிட்டு வந்தார். தங்கை ஒவ்வொரு முடிச்சுக்கும் ஏன் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினாள் என்று கேட்க வேண்டியதில்லை.

கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியதும் தண்ணீர் கலங்கிவிட்டது. நடுவதற்கான புல்லை அடர்த்தியாக இருக்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முங்கி எடுத்துவர வேண்டும். கலங்கலில் முங்குகிறவர்களுக்குக் கண் தெரியவில்லை. சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன, கட்டுவதற்குப் புல் இல்லை. மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனேன். தார்ப்பாயில் தாழை கிடந்தது. வேர், தண்டு, இலை எல்லாம் முழுசாக, ஈரம் காயாமல். வலை மண்ணையே கிளறிக்கொண்டு போவதால் அறுபடாமல் அப்படியே பெயர்ந்து வந்திருந்தது. மீன் பெட்டியில் கடல் தண்ணீரை ஊற்றி, நல்லதாகப் பார்த்து அதில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன். எப்படியும் சாகப் போவது பிழைக்கட்டுமே என்று என் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு வேர்கூட அறுபடலையே! எங்க டைவர்ஸ்கூட இப்படி எடுக்க மாட்டாங்க. எங்கேம்மா கிடைச்சுது?"

"கரையில ஒதுங்கிக் கிடந்துச்சு மேடம்" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.

அதன் பிறகு தினமும் ஒரு பெட்டி கொண்டு போனேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மேடம் என்னைக் காட்டி, "இந்த அம்மா இல்லைன்னா எங்க வேலை நின்னே போயிருக்கும்" என்றார். கையில் புல்லைப் பிடிக்கச் சொல்லி ஃபோட்டோ எடுத்தார்கள். அந்த ஃபோட்டோவில் நான் கேமராவைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "ஏளா, நான் பிடுங்குதேன், நீ நடுதே. நம்ம குடும்பமே விவசாயக் குடும்பமாயிட்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதல் தடவை நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நட்டது பிடித்துவிட்டது. காற்று தணிந்து தண்ணீர் தெளிந்ததும், மேடம் கடலுக்கு அடியில் எடுத்த வீடியோவை எங்களுக்குப் போனில் காட்டினார். சட்டத்தைத் தாண்டிப் புது இலைகள் விட்டிருந்தன. நடுவில் நகம் அளவுக்கு ஒரு நண்டுக் குஞ்சு. தங்கை போனைப் பிடுங்காத குறையாக வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "யக்கா, பாத்தியா, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கு!" என்றாள். சொல்லும்போதே அழுதாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை மங்களூர் ஏஜென்டுக்குப் போன் போட்டு, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அங்கன மட்டும் இழுத்துராதீங்க. தங்கச்சி வீட்டு எடம்."

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார்.

அங்கன மட்டும் என்றுதான் கேட்டேன். அந்த வலையே வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, மகனுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் சணல் தட்டுப்பட்டது. இழுத்தேன். ஒரு தாழை, வேரும் புது இலையுமாக வந்தது. அதன் இடுப்பில் முடிச்சு. கடைசியில் ஒரு சுற்று கூடுதல், நுனி உள்ளே. இன்னும் கிளறினேன், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. உள்ளே போய் அவரை உலுக்கி எழுப்பினேன்.

"வலை எதுலயோ மாட்டிக் கிழிஞ்சிட்டு" என்றார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "அதுவா அது? மிதப்பு ஒண்ணையும் காணலளா. இருட்டுல எனக்கு என்ன தெரியும்?"

மிதப்பை அலை அறுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் அதைக் கண்டும் காணாமல் இழுத்திருக்கலாம். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறேன். நேரே தங்கை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சாக அறுத்தேன். அறுத்த சணலை அடுப்பில் போட்டு எரித்தேன். புல்லைப் பெட்டியில் அடுக்கி, எப்போதும்போலக் கொட்டகைக்குக் கொண்டு போனேன். மேடம் எப்போதும்போலப் பாராட்டினார்.

தங்கை ஒன்றை எடுத்தாள். கட்டப் போனவள் நிறுத்தினாள். வேருக்கு இடையில் ஒரு துண்டு சணல் என் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. அவள் நகத்தால் அதை நெம்பி வெளியே எடுத்து, விரலில் வைத்துப் பார்த்தாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் துண்டைக் கீழே போட்டுவிட்டு, அதே புல்லைப் புதுச் சணலால் மறுபடி கட்டினாள். அன்று அவள் ஒரு கேலிகூடப் பேசவில்லை. ஒருத்தி என்ன உடம்புக்கு என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மாப்பிள்ளை முங்கிப் பார்த்துவிட்டு வந்து ஊர்க் கமிட்டியில் கத்தினார். சட்டமெல்லாம் கவிழ்ந்து, உடைந்து கிடக்கிறது, எவன் இழுத்தான் என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். என் வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வெளியூர்ப் படகாக இருக்கும் என்று பேசி முடித்தார்கள். என் தங்கை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் படகைக் கடலுக்கு விடாமல் கரையேற்றி வைத்திருப்பார்கள். அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. தன் கல்யாணத்தை நடத்தியவரையும், என் மகனின் படிப்பையும் நினைத்திருப்பாள். என்னையும் நினைத்திருப்பாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் வந்து என் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. மங்களூரில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்களாம்.

"யக்கா, அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேக்கியா? இவுகளுக்கு உங்க படகுல ஒரு எடம் கிடைக்குமா?"

"மாப்பிள்ளை தல்லுமடிக்கு வருவாராளா?" என்றேன்.

"வருவாக. நான் சொல்லிட்டேன். பிள்ளைகளுக்குச் சோறு போடணும்லா."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். இல்லை. கடைக்காரரிடம் தேங்காய் இருக்கிறதா என்று கேட்கிறதுபோல் கேட்டுவிட்டு நின்றாள். அப்போதாவது அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். "கேக்குதேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுவாரம் மாப்பிள்ளை எங்கள் படகில் ஏறினார். முதல் நாள் விடிகிற நேரத்தில் இரண்டு பேருமாக வலையைத் தூக்கிவந்து தார்ப்பாயில் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் கை கால் கழுவப் போய்விட்டார். மாப்பிள்ளை குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். தெருவில் தூரத்திலேயே என்னைக் கண்டு "மதினி" என்று சத்தமாகக் கூப்பிடுகிற மனுஷர், டம்ளரை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு செய்து பிடிபட்டவர்போலக் குனிந்து நின்றார். என் முன்னால் அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"மேடத்துக்குத் தெரிய வேண்டாம் மதினி" என்றார். "நட்டவனே இழுக்கான்னு தெரிஞ்சா, உங்க தங்கச்சி அந்தக் கொட்டகையில எப்படி உக்காருவா?"

"நான் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை" என்றேன்.