பட்டை, கிராம்பு, முப்பது மில்லி

காபியில் ரம் கலப்பது பத்து நிமிட வேலை. கலக்க வந்திருப்பது ஒரு பெண்தான் என்று வீட்டுக்காரர்கள் நம்பி முடிப்பதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆகிறது. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் இஸ்திரி போட்ட துணி உடுத்திக்கொண்டு ஓரமாக நின்று வேலை பார்த்திருக்கும் சமையல்காரர்கள், போட்டோகிராபர்கள், மேளக்காரர்கள், சீரியல் லைட் கட்டுகிறவர்கள் எல்லோரும் எனக்கு ரத்த சொந்தம். உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வேன்?

நான் ரேவதி, திருவொற்றியூர்க்காரி. கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பெரிய ஓட்டல் பாரில் ஆறு வருஷம் நின்றேன். மகள் பிறந்த பிறகு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் உயிரைப் பிடித்துக்கொண்டு போய்வந்தது போதும் என்று வேலையை விட்டேன். இப்போது கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை, கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்கே போய் மசாலா ரம் காபி போட்டுத் தருகிறேன். பாட்டில் அவர்களுடையது, மற்றதெல்லாம் என்னுடையது.

இதில் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. கெட்டி டிகாஷன் இறக்கிக்கொள்ள வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், தட்டிய சுக்கு, பனைவெல்லம் இவற்றைத் தனியாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி அதில் சேர்க்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் ரம். மேலே லேசாக அடித்த கிரீமை ஸ்பூனின் முதுகில் வழியவிட்டு, ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவினால் முடிந்தது. ஓட்டலிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே பழக்கம் பெக் மெஷர். ஒரு பக்கம் முப்பது மில்லி, மறுபக்கம் அறுபது பிடிக்கிற சின்ன எவர்சில்வர் கிண்ணம் அது. கப்புக்கு முப்பது, ஆளுக்கு இரண்டு கப், அதற்கு மேல் கடவுளே வந்து கேட்டாலும் கிடையாது.

போன சீசனில் ஒரு கூடுதல் கவலை சேர்ந்துகொண்டது. என் தங்கை கல்பனாவுக்கு அத்திப்பட்டிலிருந்து ஒரு வரன். பையன் எலக்ட்ரீஷியன், நல்ல மாதிரி, போட்டோ பார்த்து போனில் பேசியதிலேயே இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பையனின் அம்மா தனலட்சுமிக்கு ஒரே ஒரு நிபந்தனை. குடித்துக் குடித்தே புருஷன் போய்ச் சேர்ந்ததால், குடி வாசனை இல்லாத குடும்பமாக வேண்டும் என்றார். வரனைக் கொண்டுவந்த எங்கள் சரசு அத்தை, பெண்ணின் அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, "காபி வியாபாரம்" என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பொங்கல் கழித்துப் பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை என் பிழைப்பு என்னவென்று அத்திப்பட்டுக்குத் தெரியக் கூடாது. இந்த வேலையை விட்டுவிடு என்று கல்பனா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மாஸ்டர் வருவார்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், ராயபுரத்தில் ஒரு வீடு. ஹார்பரில் கிளியரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மைக்கேல் சார் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர் பார்க்கிங் தேடிக்கினு கீறாரா?" என்றார். நான்தான் சார் என்றேன். ஜோக்கை ரசிக்கிற மாதிரி சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

நான் டிகாஷன் இறக்கினேன், மசாலா கொதிக்கவைத்தேன், கிரீம் அடித்தேன். அவர் பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தபடி யாருக்கோ போன் போட்டு, "காபிப் பொண்ணு வந்துடுச்சி, மாஸ்டரத்தான் காணோம்" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்காக மின்விசிறிக்கு நேரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கால் வலி கூடியது. விருந்துக்கு வந்த பதினெட்டுப் பேரும் இரண்டிரண்டு கப் குடித்தார்கள். கிளம்பும்போது மாஸ்டருக்கென்று ஒரு பிளம் கேக்கைக் கட்டிக் கொடுத்தார்கள். டோல்கேட் சிக்னலில் நின்றபோதே மாஸ்டர் அதில் பாதியைத் தின்றுவிட்டார். வாசலில் மைக்கேல் சார் மனசாரப் பாராட்டியதையும் சொல்ல வேண்டும்: "சூப்பர்மா. அசிஸ்டன்ட் போட்டதே இப்பிடின்னா, மாஸ்டர் வந்திருந்தா எப்பிடி இருந்திருக்கும்."

சொட்டு மருந்து

டோல்கேட் பக்கம், மூன்றாவது மாடி, ஒரு கல்யாண நாள் விருந்து. வீட்டுக்காரரின் மச்சான்தான் பாட்டில் வாங்கி வந்தவர். அதனால் அவர் அந்தப் பாட்டிலைப் பெற்ற பிள்ளையைப் போல இடுப்பிலேயே வைத்திருந்தார். நான் பெக் மெஷரை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாமா இது, போலியோ சொட்டு மருந்து ஊத்த வந்தியா?" என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் தொழில்முறையில் சிரித்துவைத்தேன்.

அவர் விடவில்லை. கிண்ணத்தைப் பிடுங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தன் கப்பில் தானே கண்மதிப்பாகச் சாய்த்துக்கொண்டார். அந்தக் கண்ணுக்கு என்ன மதிப்போ, காபி இருந்த இடம் தெரியவில்லை. ஆறரைக்கு ஆரம்பித்தவர், ஏழு மணிக்குக் கேக் வெட்டும்போது, தலையில் காகிதத் தொப்பியோடு சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். போட்டோக்களில் எல்லாம் பின்னால் தெரிகிறார். நான் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி சமையலறைக்குள் வந்தார். ஜன்னலோரம் கிடந்த கிண்ணத்தைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது எந்தக் கடைல கிடைக்கும்மா? எங்க வூட்டுக்கு ஒண்ணு வேணும்."

சாமிக்குத் தனி

எங்கள் பக்கத்தில் டிசம்பர் மாதம் ஒரு விசித்திரமான மாதம். பாதிப் பேர் கேக்குக்குக் காத்திருப்பார்கள், பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டு விரதம் இருப்பார்கள், இரண்டு பாதியும் ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை செய்யும். மாத்தூரில் வருஷக் கடைசி விருந்து வைத்த வீட்டிலும் அப்படித்தான். வந்த பதினாறு ஆண்களில் ஒருவர் மாலை போட்ட சாமி. அவருக்கென்று ரம் சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் காபி வைத்தேன். குழப்பம் வரக் கூடாதென்று ரம் உள்ள பாத்திரத்தில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு அன்னாசிப்பூவை மிதக்கவிட்டேன்.

நான் கிரீம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் வீட்டுக்காரரின் அக்கா வந்து, காபியில் ஏதோ பூச்சி விழுந்துவிட்டதென்று அதை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டார். எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. மூக்கை நீட்டினால் எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? சாமியின் விரதத்தைக் காப்பாற்றும் பொறுப்பை மற்ற பதினைந்து பேரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆளுக்கொரு கப் எடுத்து, ருசித்து, சந்தேகம் தீராமல் அடுத்த கப் எடுத்து, மறுபடி முதல் பாத்திரத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு பாத்திரமும் காலியாகும்வரை ஆராய்ந்தார்கள். கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. சாமி ஒரு மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இதையெல்லாம் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு டம்ளர் மோர் குடும்மா. எனக்காவ இவங்க படற கஷ்டத்தைப் பாக்க முடியல."

எந்தக் கம்பெனி?

நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம். சரசு அத்தை குடியிருக்கும் தெருவில் குமார் அண்ணன் என்று ஒருவர், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். புத்தாண்டு அன்று காலை போன் போட்டு, "நானே வூட்ல செய்றேன், நீ சும்மா அயிட்டத்தை மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன். அடுப்பை அணைத்த பிறகு ரம் என்று நான் சொல்வதற்குள், புரிந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்தது இதுதான்: பெரிய அண்டாவில் தண்ணீர், காபித்தூள், பட்டை, கிராம்பு, பனைவெல்லம், கூடவே இரண்டு பாட்டில் ரம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுவது. போதையெல்லாம் ஆவியாகி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

மற்ற ஊரில் இப்படி ஒரு வாசனை வந்தால் பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டுவார்கள். சுற்றிலும் கம்பெனிகள், அடிக்கடி ஏதாவது கசியும், பழக்கம் அப்படி. அண்ணன் மனைவி பதறிக் கூப்பிட்டு நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது, தெருவே வாசலில் நின்றது. ஒருவர் குடும்பத்தோடு வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தயாராக இருந்தார். இது உரமா, பெயின்டா, ரப்பரா, எந்தக் கம்பெனியில் என்ன கசிந்தது என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெரியவரை முன்னால் விட்டார்கள். அவர் மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்து, கண்ணை மூடி, இரண்டு முறை ஆழமாக இழுத்துப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்: "கம்பெனி இல்லப்பா. நம்ம ஊர்ல எந்தக் கம்பெனியும் இவ்ளோ நல்ல வாசனை வுடாது."

என்னவோ குறைகிறது

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழி தன்மேல் விழாமல் இருக்க, குமார் அண்ணன் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கைகாட்டி, "நம்ம ரேவதி வூடு வூடாப் போய் ஊத்துற ரம் காபிதான் இது, அது சொன்னாப்லதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் மூக்கில் துணியோடு நின்ற ஒரு அம்மாவின் மகளை அத்திப்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சரசு அத்தை தன் மூக்குத் துணியை இன்னும் மேலே இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார்.

பெண் பார்க்க வருவதை அவர்கள் நிறுத்தவில்லை. சேதி அத்திப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நல்லபடியாகப் பால் காபி போட்டுக் கொடு, உன் வேலையைப் பற்றி வாயைத் திறக்காதே என்று அத்தை என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நகர்ந்ததும் கல்பனா சமையலறைக்கு வந்தாள். "அக்கா, உன் காபியவே போடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கிராம்பை எண்ண முடியவில்லை. ரம்மை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன்.

தனலட்சுமி அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இன்னாமோ கொறையுதே" என்றார். அத்தை சர்க்கரை டப்பாவுக்கு எழுந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "ரம் குறையுதும்மா. கப்புக்கு முப்பது மில்லி. அதுதான் என் வேலை" என்று சொல்லிவிட்டேன். அத்தை டப்பாவோடு அப்படியே நின்றார். பையன் கப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். கல்பனா மட்டும் என்னைப் பார்த்தாள்.

"தெரியும். புது வருசத்தன்னிக்கே எங்க தெருவுக்கு சேதி வந்துடுச்சி" என்றார் அந்த அம்மா. "அளந்து ஊத்துவியா, பாட்டிலோட சாய்ச்சுடுவியா?"

அளந்துதான் என்றேன். மூன்றாவது கப் கேட்டால் என்றார். யார் கேட்டாலும் கிடையாது என்றேன். அந்த அளவை எடுத்துவரச் சொன்னார். பையிலிருந்து பெக் மெஷரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சின்னப் பக்கத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இத்தினியூண்டுதானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கிண்ணத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "எங்க வூட்டுக்காரருக்கு ஊத்திக் குடுத்தவன் ஒருத்தனும் அளக்கல. கல்யாணத்துல எங்க ஆளுங்க எப்பிடியும் மண்டபத்துக்குப் பின்னாடி பூடுவானுங்க, தடுக்க என்னால ஆவாது. அங்க நீ நில்லு."

ஆக, என் ஒரே தங்கையின் ரிசப்ஷன் ஆல்பத்தில் தேடினால் நான் ஒரு படத்திலும் இல்லை. ஆனால் மறுநாள் காலை முகூர்த்தப் படத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாயாமல் நேராக நிற்கிறார்களே, அதில் இருப்பது நான்தான்.