பலாவுக்கு இரண்டு, பேரிக்காய்க்கு மூன்று

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏற்காட்டில் ஆடி மாதம் ஒரு பழப் போட்டி நடத்தும். எடை அதிகமான பழத்துக்குப் பரிசு என்பது விதி. ஆண்டுதோறும் மாரமங்கலத்துப் பலாத்தோட்டக்காரர் வருவார், வெல்வார். அவருக்குப் பயந்து வேறு யாரும் பலா கொண்டுவருவதில்லை. பேரிக்காய்க்காரர்கள் கைதட்ட மட்டும் வருவார்கள்.

புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற என்னைச் சென்ற ஆண்டு நடுவராக்கினார்கள். பரிசு ஒரு தண்ணீர்த் தொட்டி. அறிவிப்பு வந்த வாரமே, எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க சார், குழாயில தண்ணி வர்ற நேரம் நான் எஸ்டேட்ல இருக்கறனுங்க. திரும்பி வந்தா வெறும் காத்துதான். அந்தத் தொட்டி கெடைச்சா ஊட்டுக்கு நொம்ப ஒத்தாசைங்க. எம்பட மரத்துப் பேரிக்காயெல்லாம் பலாவோட மோதுமுங்களா?”

நடுவரிடம் வராதீர்கள், விதியை மாற்றக் கோரிச் சங்கத்துக்கு மனுக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். ஒவ்வொரு பழத்தையும் அதன் இனத்தின் சராசரியோடு ஒப்பிடலாம் என்று சங்கம் என்னைக் கேட்டு முடிவெடுத்தது. யாருக்கும் புரியாததால் எதிர்ப்பும் இல்லை.

போட்டிக்கு வரும் பழங்களிலிருந்தே சராசரி எடுக்கலாம் என்றார் செயலாளர். வருவது ஒரே பலா. அதன் சராசரியும் அதுவே. தவிர, போட்டிக்கு எவரும் சாதாரணப் பழத்தைக் கொண்டுவருவதில்லை. ஆகவே போட்டிக்கு முந்தின நாள் கடைத்தெருவில் கண்ணில் பட்ட பலாவையும் பேரிக்காயையும் எல்லாம் நிறுத்தேன்.

“வாங்கறீங்களா, எடை மட்டும் போட்டுட்டுப் போறீங்களா?” என்றார் கடைக்காரர்.

பெரும்பாலான பழங்கள் சராசரியை ஒட்டியே இருந்தன. மிகப் பெரியவையும் மிகச் சிறியவையும் சில. பலாவின் சராசரி பத்து கிலோ; பழங்கள் அதிலிருந்து வழக்கமாகக் கூடிக் குறையும் அளவு, அதாவது விலகல், மூன்று கிலோ. பேரிக்காய்க்குச் சராசரி நூற்றைம்பது கிராம், விலகல் இருபது.

மறுநாள் தோட்டக்காரரின் பலா பதினாறு கிலோ. சராசரியைவிட ஆறு கிலோ அதிகம். அதை விலகலான மூன்றால் வகுத்தால் இரண்டு. அந்தப் பெண்மணியின் பேரிக்காய் இருநூற்றுப் பத்து கிராம். அறுபதை இருபதால் வகுத்தால் மூன்று. மற்றவை எதுவும் இரண்டைத் தொடவில்லை. தொட்டி பேரிக்காய்க்குப் போனது.

“ஏனுங்க, பதினாறு கிலோவ ரெண்டாக்கிப் போட்டீங்களே!” என்றார் தோட்டக்காரர்.

“உங்க பலா மாதிரி இன்னொண்ணு கடைத்தெருவுல தேடினாக் கிடைச்சிரும். அந்த மாதிரி பேரிக்காய் கிடைக்கறது அதைவிட அபூர்வம். அவ்வளவுதான் கணக்கு.”

அவர் பேரிக்காயைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “பெருசுதானுங்க” என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் அந்தப் பெண்மணியிடம், “தொட்டிய எப்படிம்மா கொண்டு போவீங்க?” என்றார்.

“தலையிலதானுங்க.”

“அதுக்கு நம்ம ஜீப் இருக்குதுங்க. பலாவ எறக்கியாச்சு, காலியாத்தான் போகுது.”

இப்போது அந்தப் பெண்மணி எஸ்டேட்டில் இருக்கும் நேரத்திலும் குழாய்த் தண்ணீர் அவர் வீட்டுத் தொட்டியில் விழுகிறது.